ஆங்கில மூவிடப் பெயர்கள்: வழுவும் வழக்கும்

ஆங்கிலம் கற்பிக்கப்படும் வகுப்பறைகளில் மூவிடப் பெயர்கள் பற்றிய பாடம் பெரும்பாலும் தொடக்க வகுப்பிலேயே முடிந்துவிடுகின்றது. 'ஐ' என்றால் நான், 'யூ' என்றால் நீ, 'ஹீ' என்றால் அவன் எனக் கரும்பலகையில் ஓர் அட்டவணை எழுதப்படும். மாணவர் அதனை மனனஞ் செய்வர். அத்துடன் அப்பகுதி நிறைவுற்றதாகக் கொள்ளப்படும். ஆயின், அதே மாணவர் பல்கலைக்கழகம் புகுந்து ஆங்கிலத்திற் கட்டுரை எழுதத் தொடங்குகையில், அவர்தம் தாளிற் சிவப்புக் கோடு விழும் இடங்களுள் இம்மூவிடப் பெயர்களும் அடங்கிவிடுகின்றன. 'இட் இஸ் மீ' என எழுதலாமா, 'இட் இஸ் ஐ' என்றே எழுதுதல் வேண்டுமா? 'எவ்றிவன்' என்னும் ஒருமைச் சொல்லைத் தொடர்ந்து 'தெயர்' என்னும் பன்மைச் சொல் வரலாமா? ஆணா பெண்ணா எனத் தெரியாத ஒருவரை 'ஹீ' எனச் சுட்டுவது முறையா? இவ்வினாக்களுக்கு ஒரு நூல் ஒரு விடையையும் பிறிதொரு நூல் அதற்கு மாறான விடையையும் தருகின்றது. மாணவர் மயங்குவதில் வியப்பில்லை.

இம்மயக்கம் இலக்கண நூலோடு நின்றுவிடுவதில்லை. நமது நாட்டின் பல்கலைக்கழகச் சூழலில் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், எனக் குறிப்பிடும் சிங்கள வழக்கு உண்டு. பேராசிரியர் திரு கந்தையா 1984இல் எழுதிய கட்டுரையொன்று இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு, ஆங்கிலம் இங்கு அதிகாரக் கருவியாகத் தொழிற்படுமாற்றை ஆராய்ந்தது. வாளின் கூரிய பகுதி பெரும்பாலும் இலக்கண வழுவைச் சுட்டிக் காட்டும் செயலிலேயே வெளிப்படுகின்றது. எனவே, வழு என்று சொல்லப்படுவனவற்றுள் எவை மொழியின் அமைப்பினின்றும் எழுந்தவை, எவை ஒரு காலத்துச் சமூகப் பிரிவினர் வகுத்தவை என வேறுபடுத்திக் காண்டல் அவசியமாகின்றது. ஆங்கில மூவிடப் பெயர்களின் வரலாற்றை இந்நோக்கிற் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அமைப்பு விதிகள்

1066ஆம் ஆண்டின் நோர்மானியப் படையெடுப்புக்கு முந்திய பழைய ஆங்கிலம் வேற்றுமை உருபுகள் நிறைந்த மொழியாக விளங்கியது. பெயர்ச்சொல்லின் ஈற்றைக் கொண்டே அது எழுவாயா, செயப்படுபொருளா என்பதை அறிய இயலும். அம்மொழியின் மூவிடப் பெயர்களில் ஒருமை, பன்மை என்பவற்றுடன் இருமையும் இருந்தது. நாம் இருவர் எனப் பொருள்படும் 'விட்' என்னும் சொல் ஒரு தனி வடிவமாக வழங்கியது. 13ஆம் நூற்றாண்டளவில் இருமை மறைந்தது. பெயர்ச்சொற்களின் வேற்றுமை ஈறுகளும் தேய்ந்தொழிந்தன. இன்று ஆங்கிலப் பெயர்ச்சொல் எழுவாயாவதும் செயப்படுபொருளாவதும் வாக்கியத்தில் அது நிற்கும் இடத்தினாலேயே தீர்மானிக்கப்படுகின்றன. மூவிடப் பெயர்கள் மட்டும் பழைய வேற்றுமையின் எச்சங்களைத் தாங்கி நிற்கின்றன. 'ஐ - மீ', 'ஹீ - ஹிம்', 'ஷீ - ஹேர்', 'வீ - அஸ்', 'தே - தெம்' என்னும் இணைகள் அவ்வெச்சங்களேயாம்.

இவ்விணைகளைத் தனித்து ஆளுமிடத்து ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் தவறுவதில்லை. இது மொழியின் அமைப்பு விதி. தமிழ் மாணவர் இடர்ப்படுவது வேறிடங்களிலாகும். அவற்றுட் சில நம் மொழியின் இயல்பினின்றும் பிறப்பன.

முதலாவது, தமிழ் வினைமுற்று இடம், எண், பால் ஆகியவற்றைத் தன்னுள்ளே கொண்டது. 'வந்தேன்' என்ற அளவிலேயே வந்தவர் பேசுபவரே என்பது பெறப்படும். 'நான்' என்பதைச் சொல்லாமல் விடுவது தமிழில் இயல்பு. ஆங்கில வினைச்சொல்லோ அவ்வாற்றலைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. 'கேம்' என்னும் வடிவம் நான், நீ, அவன், அவர்கள் என யாவர்க்கும் பொது. ஆகவே ஆங்கிலத்தில் எழுவாயை விட்டுவிட முடியாது. எழுவாயாகத் தக்க பொருளெதுவும் இல்லாதவிடத்தும் அவ்விடத்தை நிரப்புதற்கு 'இட்' என்னும் சொல் வந்து நிற்கின்றது. மழை பெய்வதைக் கூறும் ஆங்கில வாக்கியத்தில் வரும் 'இட்' எதனைச் சுட்டுகின்றது என வினவினால் விடையில்லை. அது இடத்தை நிரப்பவே வந்தது.

இரண்டாவது, பேச்சுத் தமிழில் 'அப்பா, அவர் ஆசிரியர்' எனப் பெயரைக் கூறி அதன்பின் சுட்டுப்பெயராலும் தொடர்வது உண்டு. இதனை எழுத்து ஆங்கிலத்திற் கொண்டு செல்லும்போது ஒரே வினைக்கு ஈரெழுவாய் தோன்றிவிடுகின்றது.

மூன்றாவது, தமிழில் 'நாம்', 'நாங்கள்' என இரு தன்மைப் பன்மைகள் உள. முன்னது கேட்போரை உளப்படுத்தும். பின்னது அவரை விலக்கும். ஆங்கிலத்திற்கு 'வீ' ஒன்றே உண்டு. 'வீ' எனும் சொல் கேட்பவரையும் சேர்த்துத்தான் ஆளப்பட்டதா என்பது சூழலைக் கொண்டே உணரப்படும். ஆட்சியாளர் ஒருவர் மக்களை நோக்கி 'வீ' எனத் தொடங்கித் தியாகங்களைப் பற்றிப் பேசும்போது அத்தியாகத்தைச் செய்யப்போவோர் யார் என்பது மறைந்துவிடுவதற்கு இவ்விருபொருட்டன்மை உதவுகின்றது. மொழிபெயர்ப்பாளர் இங்கு 'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா எனத் தெரிவுசெய்ய நேரும்பொழுது அம்மறைப்பு வெளியாகிவிடும்.

நான்காவது, தமிழில் உயர்வு குறித்து வழங்கும் 'அவர்' ஆண், பெண் இருபாலார்க்கும் பொது. அதனை ஆங்கிலத்திற் பெயர்க்கும்போது பாலைத் தெரிவுசெய்தே ஆகவேண்டும். பழக்கத்தால் 'ஹீ' என எழுதிவிட்டுப் பின்னர் அவர் பெண் என அறிந்து திருத்தும் நிலை பலர்க்கும் ஏற்படுவதுண்டு.

இந்நான்கும் அமைப்பைச் சார்ந்தவை. இவற்றைப் பயிற்சியால் நீக்குதல் வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. இனி நாம் நோக்கப்போகும் விதிகள் இத்தன்மையன அல்ல.

2. 'யூ' வென்ற கதை

இன்று முன்னிலைக்கு 'யூ' என்னும் ஒரு சொல்லே உள்ளது. ஒருவரும் பலரும், எழுவாயும் செயப்படுபொருளும் யாவும் அதனுள் அடங்கும். முன்னர் நிலை இவ்வாறிருக்கவில்லை. ஒருமைக்குத் 'தௌ' எழுவாயாகவும் 'தீ' செயப்படுபொருளாகவும் வழங்கின. பன்மைக்கு 'யீ' எழுவாய், 'யூ' செயப்படுபொருள். 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலிய மொழிபெயர்ப்பு இவ்வேறுபாட்டைப் பெரிதும் பேணியது. ஆயினும் அதே காலத்து நாடகங்களில் 'யீ', 'யூ' ஆகிய இரண்டும் தம்முள் மயங்கி வருதலைக் காணலாம். காலப்போக்கில் செயப்படுபொருள் வடிவமாகிய 'யூ' எழுவாயிடத்தைக் கைப்பற்றியது. இன்று 'யூ' என்பதை எழுவாயாக ஆள்வோர் அனைவரும், பழைய விதிப்படி நோக்கின், 'மீ' என்பதை எழுவாயாக ஆள்பவரையொத்த வழுவையே புரிகின்றனர். அவ்வழு முழுச் சமூகத்தினதும் வழக்காகிவிட்டதால் அது வழுவெனக் கருதப்படுவதில்லை.

ஒருமையும் பன்மையும் ஒன்றாகிய வரலாறு மேலும் நோக்கத்தக்கது. 13ஆம் நூற்றாண்டு தொட்டு, பிரெஞ்சு மொழியின் செல்வாக்கினால், உயர்ந்தோர் ஒருவரையும் பன்மையால் விளிக்கும் வழக்கு ஆங்கிலத்திற் பரவியது. பிரபு தன் ஊழியனைத் 'தௌ' என்பான். ஊழியன் பிரபுவை 'யூ' என்பான். சமமான உயர்குடியினர் தம்முள் 'யூ' எனவும், சமமான எளியோர் தம்முள் 'தௌ' எனவும் வழங்கினர். ஆகவே ஒருவரைத் தக்க காரணமின்றித் 'தௌ' என விளித்தல் நிந்தனையாயிற்று. 1603ஆம் ஆண்டு வின்செஸ்ரரில் வோல்டர் றாலேமீது தேசத்துரோக வழக்கு நடைபெற்றபோது, அரச தரப்பில் வாதிட்ட எட்வேட் கோக் அவரைத் 'தௌ' என வேண்டுமென்றே விளித்து, அவ்வாறு விளிப்பதைச் சொல்லியே காட்டி இழிவுபடுத்தினார். ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில், எதிரிக்குச் சவால் விடுத்துக் கடிதம் எழுதுபவனுக்குக் கூறப்படும் ஆலோசனைகளுள் ஒன்று, அவனைச் சிலமுறை 'தௌ' என விளிக்குமாறு ஏவுவதாகும்.

இவ்வேணியை எதிர்த்தெழுந்தோர் குவேக்கர்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜோர்ஜ் பொக்ஸ் தலைமையில் உருவான அச்சமயக் குழுவினர், இறைவன் முன் மனிதர் யாவரும் சமம் எனும் கொள்கையினர். ஆதலின் நீதிபதியாயினும் பிரபுவாயினும் தனியொருவரைத் 'தௌ' என்றே விளித்தனர். எவர் முன்னும் தொப்பியைக் கழற்ற மறுத்தனர். 1660இல் பொக்ஸும் அவர்தம் தோழர் இருவரும் வெளியிட்ட நூல், ஆசிரியர்க்கும் அறிஞர்க்கும் ஒருமை பன்மையைக் கற்பிப்பதாகக் கூறிக்கொண்டு பல மொழிகளிலிருந்து சான்று காட்டியது. இலக்கண நூலின் வடிவில் வந்த சமத்துவப் பிரகடனம் அது. இதற்காக அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. குவேக்கரான தொமஸ் எல்வூட் தம் தந்தையைத் 'தௌ' என விளித்தமைக்காகவும் தொப்பியைக் கழற்றாமைக்காகவும் அத்தந்தையின் கையாலேயே அடியுண்டதைத் தம் சரிதையிற் பதிந்துள்ளார். ஒரு மூவிடப் பெயருக்காகத் தந்தை மகனை அடித்தான் எனின், அச்சொல் தாங்கிநின்ற சமூகப் பாரம் எத்தகையது என்பது தெளிவாகும்.

முடிவில் ஆங்கிலச் சமூகம் சமத்துவத்தை நோக்கி வேறொரு வழியாற் சென்றது. யாவரையும் தாழ்ந்த சொல்லால் விளிப்பதற்கு மாறாக, யாவரையும் உயர்ந்த சொல்லாலேயே விளிக்கத் தலைப்பட்டது. நகரங்களில் எழுச்சியுற்ற வணிக வகுப்பினர்க்குத் தம்முன் நிற்பவர் எப்படியினர் எனத் துணிதல் அரிதாகிய சூழலில், 'யூ' எனல் பாதுகாப்பாயிற்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் 'தௌ' பொது வழக்கினின்றும் மறைந்து, வழிபாட்டிலும் வடபகுதிக் கிளைமொழிகளிலும் ஒதுங்கியது. றோஜர் பிறவுண், அல்பேட் கில்மன் ஆகிய இருவரும் 1960இல் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரு அச்சுகளில் வைத்து விளக்கியது. இம்மாற்றத்தை விளங்கிக்கொள்வதற்கு அது இன்றும் துணைபுரிவதாகும்.

இவ்விடத்தில் நம் சமூகத்தையும் எண்ணிப் பார்த்தல் தகும். 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்னும் படிநிலை யாழ்ப்பாணத் தமிழில் வயது, உறவு, தொழில் ஆகியவற்றை மட்டும் குறித்து நின்றதில்லை. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த முதியவரை மேற்சாதிச் சிறுவன் 'நீ' என விளிக்க, அம்முதியவர் அச்சிறுவனுக்கு மரியாதைச் சொல்லால் மறுமொழி கூறிய கொடுமையையும் அது உள்ளடக்கியிருந்தது. எல்வூட் வாங்கிய அடியின் பொருளை நாம் எளிதில் உணர்வதற்கு இதுவே காரணம்.

'யூ' ஒன்றே எஞ்சியதனால் ஏற்பட்ட குறையை மக்கள் தாமே நிரப்ப முயன்றனர். 18ஆம் நூற்றாண்டில் ஒருவரைக் குறித்து 'யூ வாஸ்' எனவும், பலரைக் குறித்து 'யூ வேர்' எனவும் வேறுபடுத்தும் வழக்குக் கற்றோரிடையேயும் இருந்தது. பயனுள்ள அவ்வேறுபாட்டை இலக்கணகாரர் பெரும்பிழையெனக் கண்டித்து ஒழித்தனர். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் 'யூஸ்' எனவும், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 'யோல்' எனவும் புதிய பன்மைகள் தோன்றின. அவை இன்றும் வழங்கிவருகின்றன. பாடநூல்களில் அவற்றுக்கு இடமில்லை. தமிழிலும் 'நீர்' என்னும் பன்மை மரியாதை ஒருமையானபோது 'நீங்கள்' தோன்றியது. 'அவர்' ஒருமைக்கு இறங்கியபோது 'அவர்கள்' பிறந்தது. நாம் அப்புதிய பன்மைகளை ஏற்றுக்கொண்டோம்.

3. இலத்தீனின் நிழல்

18ஆம் நூற்றாண்டு ஆங்கில இலக்கண நூல்கள் பெருகிய காலம். கைத்தொழிலாலும் வணிகத்தாலும் உயர்ந்த குடும்பங்கள், தாம் உயர்ந்தமையைப் பேச்சிலும் காட்ட விழைந்தன. அவர்கட்கு விதிகள் தேவைப்பட்டன. 1762இல் றொபேட் லௌத் என்னும் மதகுரு வெளியிட்ட சிற்றிலக்கணமும், 1795இல் லிண்ட்லி மறே வெளியிட்ட இலக்கணமும் அத்தேவையை நிறைவு செய்தன. கற்றோர் யாவரும் இலத்தீன் பயின்றிருந்தமையால், அம்மொழியின் விதிகள் ஆங்கிலத்தின்மீதும் ஏற்றப்பட்டன.

'இட் இஸ் ஐ' என்பதே சரியெனும் விதி இவ்வாறு பிறந்ததாகும். இலத்தீனில் 'ஆதல்' பொருள்படும் வினையின் இருபுறத்தும் எழுவாய் வேற்றுமையே வரும். ஆதலின் ஆங்கிலத்திலும் அவ்வாறே வருதல் வேண்டும் என்பது வாதம். ஆயின், ஆங்கிலம் வேற்றுமையைச் சொல்லின் இடத்தால் உணரும் மொழியாக எப்போதோ மாறிவிட்டது. வினைக்கு முன்னிற்பது எழுவாய் வடிவம். பின்னிற்பது மற்றைய வடிவம் எனும் உணர்வு பேசுவோர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. ஒட்சிசனை ஆராய்ந்த விஞ்ஞானியாக நாம் அறியும் ஜோசப் பிறீஸ்ற்லி இலக்கண நூலொன்றும் எழுதியவர். 'இட் இஸ் மீ' என்பதை அவர் வழக்கின் துணைகொண்டு ஆதரித்தார். டென்மார்க்கு அறிஞர் ஓட்டோ ஜெஸ்பேர்சன் 1894இல் வெளியிட்ட நூலில் ஆங்கில மூவிடப் பெயர்களின் வேற்றுமை மாற்றங்களை விரிவாக ஆராய்ந்து, அவற்றை மொழியின் வளர்ச்சிப் போக்காக விளக்கினார். இன்று 'இட் இஸ் மீ' என்பதே யாவரதும் இயல்பான பேச்சு. 'இட் இஸ் ஐ' எனப் பேசுவோர் அருகிவிட்டனர்.

விதியை அச்சுறுத்திப் புகட்டியதன் விளைவு வேறோரிடத்தில் வெளிப்பட்டது. 'மீ' எனும் சொல்லே இழிவானது என எண்ணத் தலைப்பட்டோர், அது வரவேண்டிய இடத்திலும் அதனைத் தவிர்த்தனர். 'பிற்வீன் யூ அன்ட் ஐ' என்னும் தொடர் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது வழக்கம். முன்னிடைச் சொல்லின் பின் 'மீ' வருதலே விதி. ஆயினும் இத்தொடர் அச்சத்தால் மட்டும் விளைந்தது எனல் பொருந்தாது. இலக்கணகாரர் தோன்றுதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே, ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் அன்ரோனியோ எழுதும் கடிதத்தில் இவ்வமைப்பு வந்துள்ளது. 'அன்ட்' என்னும் இணைப்புச் சொல் இடைப்படும்போது வேற்றுமை உணர்வு தளர்ந்துவிடுகின்றது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

எழுத்து ஆங்கிலத்தில் ஐயமேற்படுமிடத்து மாணவர் கைக்கொள்ளத்தக்க சோதனை ஒன்றுண்டு. இணைந்து நிற்கும் இருவருள் மற்றவரை நீக்கிவிட்டு வாக்கியத்தை வாசித்தல் வேண்டும். தம்பியும் தானும் சென்றதைக் கூறும் வாக்கியத்தில் தம்பியை நீக்கினால் 'மீ வென்ற்' என எஞ்சுமாயின், அங்கு 'ஐ' வருதலே முறை. ஆசிரியர் தம்பிக்கும் தனக்கும் நூல் கொடுத்தார் என்பதில் 'கேவ் ஐ' என எஞ்சுமாயின், அங்கு 'மீ' வருதலே முறை. இச்சோதனை நூலின் ஆணையை நம்பாது மொழியின் அமைப்பையே துணைகொள்கின்றது.

4. 'ஹீ'யினுள் அடங்கியோரும் அடங்காதோரும்

பொதுவாக மனிதரைக் குறிக்க 'ஹீ' எனும் ஆண்பாற் சொல்லே போதும் எனும் விதி, பார்வைக்குச் சிறியது, விளைவிற் பெரியது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூகாசிலிற் பாடசாலை நடத்திய ஆன் பிஷர் என்னும் பெண்மணியின் இலக்கண நூல், ஆண்பாற் சொல் இருபாலையும் உள்ளடக்கும் எனக் கூறியது. பின்வந்த இலக்கணகாரர் இதனை உறுதிப்படுத்தினர். 1850இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டங்களின் மொழியைச் சுருக்குதற்கென ஒரு சட்டம் இயற்றியது. ஆண்பாலை உணர்த்தும் சொற்கள், மாறாக வெளிப்படக் கூறப்பட்டாலன்றி, பெண்பாலையும் உள்ளடக்கும் என அது விதித்தது.

1867இல் வாக்குரிமையை விரிக்கும் சீர்திருத்தச் சட்டமூலம் விவாதத்திற்கு வந்தது. அதில் ஆடவரைக் குறிக்கும் 'மான்' எனுஞ் சொல்லை நீக்கி, ஆளைக் குறிக்கும் 'பேர்சன்' எனுஞ் சொல்லை இடவேண்டும் என ஜோன் ஸ்ருவாட் மில் திருத்தம் கொண்டுவந்தார். 73 வாக்குகள் ஆதரவாகவும் 196 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட அது தோற்றது. ஆயினும் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆண்பாற் சொல் பெண்களையும் உள்ளடக்குமல்லவா? மான்செஸ்ரரில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் இவ்வாதத்தின் அடிப்படையில் தம்மை வாக்காளராகப் பதியுமாறு கோரினர். 1868இல் இவ்வழக்கை விசாரித்த நீதிமன்றம் கோரிக்கையை நிராகரித்தது. பெண்கள் தொன்றுதொட்டு வாக்குரிமைக்குத் தகுதியற்றோர். ஆதலின் இச்சட்டத்தின் ஆண்பாற் சொல் அவர்களை உள்ளடக்காது என்பது தீர்ப்பு.

இத்தீர்ப்பின் உட்பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். வரி செலுத்துவோனையும் குற்றம் புரிந்தோனையும் பற்றிய சட்டங்களில் வரும் 'ஹீ' பெண்ணை உள்ளடக்கியது. அவள் வரி செலுத்தினாள், தண்டனையும் பெற்றாள். வாக்களிப்போனைப் பற்றிய சட்டத்தில் அதே ஆண்பால் அவளை வெளியே நிறுத்தியது. இலக்கண விதி மாறவில்லை. அதனை ஆளும் அதிகாரமே எங்கு விரிவது, எங்கு சுருங்குவது என முடிவு செய்தது. பிரித்தானியப் பெண்கள் 1918இல் முப்பது வயது முதலான நிபந்தனைகளுடனும், 1928இல் ஆடவர்க்குச் சமமாகவும் வாக்குரிமை பெற்றனர். இலக்கணம் அவர்களுக்கு அதனைப் பெற்றுத்தரவில்லை; அரை நூற்றாண்டுப் போராட்டமே பெற்றுத்தந்தது.

5. 'தே'யும் 'ஒருவரு'ம்

'ஹீ' போதாதெனின் வேறு என் செய்வது? ஆங்கிலம் பேசும் மக்கள் இவ்வினாவுக்கு நெடுங்காலத்திற்கு முன்னரே விடை கண்டுவிட்டனர். பால் தெரியாத ஒருவரைப் பன்மைச் சொல்லாகிய 'தே' என்பதால் சுட்டும் வழக்கு 14ஆம் நூற்றாண்டிலேயே எழுத்திற் காணப்படுகின்றது. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஒஸ்ரினும் அதனை ஆண்டுள்ளனர். மறேயின் இலக்கணமோ அதனை எண் வழுவெனக் கொண்டு திருத்தியது. ஒருமைக்குப் பன்மை வருதல் தர்க்கத்துக்கு ஒவ்வாது என்பதே காரணம். ஆண்பாற்சொல் பெண்ணைக் குறித்தல் தர்க்கத்துக்கு ஒவ்வுமா என வினவப்படவில்லை.

'தே' என்பது ஆங்கிலத்துக்கு உரிய பழஞ்சொல்லும் அன்று. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்கண்டிநேவியரின் மொழியினின்றும் வந்த கடன்சொல் அது. 1400இல் மறைந்த சோசரின் எழுத்தில் எழுவாய்க்குத் 'தே' வந்துவிட்டது. ஏனைய வேற்றுமைகளுக்குப் பழைய ஆங்கில வடிவங்களே எஞ்சியிருந்தன. மூவிடப் பெயரையே பிறமொழியினின்றும் ஏற்றுக்கொண்ட மொழி, அச்சொல்லின் பொருள் விரிவதையும் ஏற்றுக்கொள்ளுதல் இயல்பே. மாறாக, ஒருவர் தாமே படைத்துத் தந்த சொற்கள் நிலைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரான சார்ல்ஸ் கொன்வேர்ஸ் 'தொன்' எனும் பொதுப்பாற் சொல்லை முன்மொழிந்தார். அது வெப்ஸ்ரர் பேரகராதியின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றும், 1961ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. மக்கள் வழக்கு ஏற்காத சொல்லை அகராதி காப்பாற்ற இயலாது.

1970களிற் பெண்ணியச் சிந்தனையாளர் இவ்வினாவை மீண்டும் எழுப்பினர். அதன் பின்னர் நிலை படிப்படியாக மாறியது. 2019இல் வெளியான அமெரிக்க உளவியற் சங்கத்தின் எழுத்துநெறிக் கையேடு, ஆய்வுக் கட்டுரைகளிலும் ஒருமைத் 'தே'யை ஏற்றுக்கொண்டது. ஆண், பெண் எனும் இரு பாலுள்ளும் தம்மை அடக்கிக்கொள்ளாதோர் தம்மைச் சுட்டுதற்குரிய சொல்லாகவும் இதனைத் தெரிந்துகொண்டுள்ளனர். இவ்வாட்சி புதியது, விவாதத்துக்கும் உரியதாயுள்ளது. ஆயினும் இதனை எதிர்ப்போர் காட்டும் இலக்கணக் காரணம் வலுவற்றது. தனியொருவரை 'யூ ஆர்' எனப் பன்மை வினையால் விளிப்போர், தனியொருவரைத் 'தே ஆர்' எனச் சுட்டுதல் தர்க்க விரோதம் என எங்ஙனம் வாதிடலாம்?

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இச்சிக்கல் புதியதன்று. 'ஒருவர்' எனுஞ் சொல் ஆண், பெண் இருபாலுக்கும் உரியது எனவும், அது பன்மை முடிபை ஏற்கும் எனவும் தொல்காப்பியர் பெயரியலிற் கூறியுள்ளார். 'ஒருவர் வந்தார்' என்பதில் எண்ணால் ஒருமை, முடிபாற் பன்மை, பாலாற் பொது ஆகிய மூன்றும் முரணின்றி நிற்கின்றன. மேலும், தனியொருவரைப் பன்மையாற் கூறும் உயர்சொல் வழக்கில் எழுந்தது எனவும், அஃது இலக்கண முறைமையாகிய நெறியன்று எனவும் அவர் கிளவியாக்கத்தில் வேறுபடுத்துவார். இவ்வேறுபாட்டின் நுட்பம் வியக்கத்தக்கது. வழக்கில் நிலைபெற்ற ஒன்றை அவர் மறைக்கவுமில்லை; இலக்கண நெறியென்று பெயர்சூட்டவுமில்லை. இரண்டையும் அருகருகே வைத்து, எது எதுவெனக் காட்டினார். ஆங்கில இலக்கணகாரர் பலர் செய்யத் தவறியது இதுவேயாகும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றினின்றும், 'சரியான' மூவிடப் பெயர் எனும் தொடரினுள் மூவகை விதிகள் கலந்துள்ளமை புலனாகும். முதல்வகை, அமைப்பைச் சார்ந்தவை. எழுவாயை விடாதிருத்தல், தனித்து நிற்கும் 'ஐ', 'மீ' ஆகியவற்றை உரிய இடத்தில் வைத்தல், பாலுக்கேற்ற சொல்லைத் தெரிதல் என்பன இவை. இவற்றைக் கல்லாது ஆங்கிலத்திற் பொருளுணர்த்த இயலாது. இரண்டாம் வகை, நடையைச் சார்ந்தவை. முறைசார் எழுத்தில் இணைப்பெயர்களின் வேற்றுமையைப் பேணுதல் இத்தகையது. தேர்விலும் தொழில் விண்ணப்பத்திலும் இவை எதிர்பார்க்கப்படுவதால், மாணவர் இவற்றை அறிந்து சூழலுக்கேற்பக் கைக்கொள்ளல் வேண்டும். மூன்றாம் வகை, ஒரு காலத்துச் சமூக அடுக்கினையும் பிறமொழி மோகத்தையும் ஆணாதிக்கத்தையும் விதியின் உருவிற் சுமந்து வந்தவை. 'இட் இஸ் மீ' இழிவழக்கு என்பதும், 'ஹீ' யாவரையும் அடக்கும் என்பதும் இத்தகையன. இவற்றின் வரலாற்றை மாணவர் அறிதல் வேண்டும். இவற்றைக் கொண்டு அவர்தம் அறிவாற்றலை அளத்தல் தகாது.

விதி யாவற்றையும் துறந்துவிடுக என நாம் கூறுவதாகக் கொள்ளலாகாது. வாய்ப்புக் குறைந்த கிராமத்து மாணவர்க்கு முதலிரு வகை விதிகளை ஐயந்திரிபறக் கற்பிக்காது விடுவது, வாளை முழுவதும் மற்றவர் கையிலேயே விட்டுவிடுவதாகும். ஆயின் மூவகையையும் ஒன்றாகக் குழைத்து, யாவும் மாறாத மொழி நியதிகள் என அச்சுறுத்துவது, அம்மாணவரை வாய் திறவாமற் செய்துவிடும். தவறான 'மீ' ஒன்றுக்காக வகுப்பில் நகைக்கப்பட்ட மாணவர் பின்னர் ஆங்கிலத்தில் வினா எழுப்ப முன்வருவதில்லை என்பதை நாம் விரிவுரை மண்டபங்களிற் கண்டிருக்கின்றோம்.

ஆசிரியர் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் தாம் திருத்துவது எவ்வகை விதியை என மாணவர்க்குச் சொல்வாராயின், இந்நிலை பெரிதும் மாறும். அதற்குப் புதிய பாடநூலோ மேலதிக நிதியோ தேவையில்லை. சிவப்புக் கோட்டின் அருகே எழுதப்படும் ஒரு சொல்லே போதுமானது.